கிரீன் கார்டு வச்சிக்கிட்டு மேயர் எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவுல வெர்மான்ட் ஸ்டேட்ல பர்லிங்டனுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கிரீன் கார்டு இருக்கு, சிட்டிசன் ஆகல. பக்கத்து வீட்டம்மா "நீயும் மேயருக்கு ஓட்டுப் போடலாம்"னு சொல்றாங்க. நிஜமா? பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கு வம்பாயிடுமா? வீட்டுக்காரர் "இத்தனூண்டு ஊருக்கு மேயர் யாரா இருந்தா என்ன"ங்கிறார்.

பதில்: அந்தம்மா சொன்னது சரிதாங்க. 2023 மார்ச்ல ஊர் ஜனங்களே ஓட்டுப் போட்டு சார்ட்டரை (ஊரை நடத்துற அடிப்படைச் சட்டத்தை) மாத்தினாங்க, கவர்னர் ஃபில் ஸ்காட் வீட்டோ போட்டார், சட்டசபை அதையும் தாண்டி பாஸ் பண்ணிடுச்சு. 18 வயசான, சட்டப்படி அங்க குடியிருக்கிறவங்க சிட்டி எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடலாம். கிரீன் கார்டுன்னா கவலை இல்ல. ஹெச்1பி, ஸ்டூடன்ட் விசான்னா தானா முடிவு பண்ணாதீங்க, சிட்டி கிளார்க் ஆபீஸ்ல கேட்டு பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க.

வம்பு எங்க வரும்னா, சிட்டி பேலட்டைத் தாண்டினா. கவர்னர், காங்கிரஸ், பிரெசிடென்ட் எதுக்கும் தொடக்கூடாது. 2024 மார்ச் 5 அன்னிக்கு மேயர் எலெக்‌ஷனும் பிரெசிடென்ட் பிரைமரியும் (கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற ஓட்டு) ஒரே நாள், ஒரே பூத், யாராவது தெரியாம அந்தச் சீட்டையும் கையில கொடுத்தா "வேண்டாம்"னு திருப்பிக் கொடுத்துடணும். இன்னொண்ணு, லைசன்ஸ் எடுக்கப் போற இடத்துல வோட்டர் லிஸ்ட்ல தானாவே சேர்க்கிற வழக்கம் வெர்மான்ட்ல உண்டு, அங்க "சிட்டிசன்"ங்கிற இடத்துல அவசரத்துல டிக் அடிச்சிடாதீங்க. சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ற என்-400 ஃபார்ம்ல ஓட்டுப் போட்டியா, ரிஜிஸ்டர் பண்ணியான்னு கேப்பாங்க, அதனால கிளார்க் ஆபீஸ் பேப்பர் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்து வக்கீல்கிட்ட காட்டிட்டு ஃபில் பண்ணுங்க.

இப்ப உங்க வீட்டுக்காரருக்கு. 1981ல கார்டன் பாக்கெட்னு டெமாக்ரட் மேயர், பத்து வருஷமா அசைக்க முடியாத ஆளு, ரிபப்ளிகன் கட்சி எதிர்த்து ஆளே போடல. ஆனா வீட்டு வரியை ஏத்தறேன்னார், ஜனங்க கடுப்பாயிட்டாங்க, சுயேச்சையா நின்ன ஒருத்தர் ரீகவுண்ட் எல்லாம் முடிஞ்சு பத்தே ஓட்டுல ஜெயிச்சார். அவர்தான் பின்னாடி பிரெசிடென்ட் போட்டி வரைக்கும் போன பெர்னி சாண்டர்ஸ். ஒரு அபார்ட்மென்ட்ல ரெண்டு மாடிக்காரங்க மனசு மாறியிருந்தா கதையே வேற. ஜெயிச்சும் நிம்மதி இல்ல, 13 பேர் கவுன்சில்ல அவர் பக்கம் ரெண்டே பேர்தான், அவர் போட்ட ஆட்களை மத்தவங்க ஏத்துக்கல, பழைய மேயரோட ஆபீசர்களை வச்சே முதல் வருஷத்தை ஓட்டினார். அப்புறம் 1989 வரைக்கும் இருந்தார்.

அதுக்கும் முன்னாடி ஜேம்ஸ் பர்க்னு ஒரு மேயர், கொல்லுப்பட்டறைக்காரர். ஜெயிக்கிறது, தோக்கிறது, திரும்ப வர்றதுன்னு 1903ல ஆரம்பிச்சவர் 1933ல கூட ஒரு தடவை ஜெயிச்சார். நீங்க மாசாமாசம் கரண்ட் பில் கட்டுறீங்களே, அந்த முனிசிபல் கரண்ட் கம்பெனி 1905ல அவர் காலத்துல வந்ததுதான். மேயர் யாரா இருந்தா என்னன்னு கேட்டவர்கிட்ட அந்த பில்லை எடுத்துக் காட்டுங்க.

ஓட்டுச் சீட்டுல ஆளுங்களை 1, 2, 3ன்னு வரிசைப்படுத்தச் சொல்வாங்க, குழம்பாதீங்க. யாருக்கும் பாதிக்கு மேல கிடைக்கலன்னா கடைசியா வந்தவரை எடுத்துட்டு, அவருக்கு விழுந்த ஓட்டை அந்தந்தச் சீட்டுல அடுத்து இருக்கிற ஆளுக்குச் சேர்த்து, ரவுண்ட் ரவுண்டா எண்ணுவாங்க. 2009ல இதே முறையில முதல் ரவுண்ட்ல ரிபப்ளிகன் கர்ட் ரைட்தான் முன்னாடி, கடைசி ரவுண்ட்ல அப்போ மேயரா இருந்த பாப் கிஸ் 252 ஓட்டுல ஜெயிச்சிட்டார். ரைட் ஆளுங்களுக்கு ஆத்திரம். மூணாவதா வந்த டெமாக்ரட் ஆண்டி மான்ட்ரோல், தனித்தனியா மோதவிட்டா ரெண்டு பேரையுமே தோக்கடிச்சிருப்பார்னு கணக்குப் போட்டவங்க சொன்னாங்க, அது இன்னும் எரிச்சல். 2010ல அந்த முறையையே தூக்கிட்டாங்க, இப்ப மறுபடி கொண்டு வந்திருக்காங்க. என்னைக் கேட்டா முதல் சாய்ஸோட நிறுத்தாதீங்க, ரெண்டாவதையும் போட்டுடுங்க, உங்க ஆளு வெளியே போயிட்டாலும் ஓட்டு உயிரோட இருக்கும்.

எலெக்‌ஷன் 3 வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் முதல் செவ்வாய். 2024ல ஜெயிச்ச எம்மா மல்வேனி ஸ்டானக்தான் ஊரோட முதல் பெண் மேயர்.

ஓட்டுப் போடப் போறதுக்கு முன்னாடி உங்க வீடு பர்லிங்டனா சவுத் பர்லிங்டனான்னு பார்த்துக்கோங்க. 1865ல பர்லிங்டன் சிட்டியா பிரிஞ்சப்போ மிச்சம் நின்ன ஊர்தான் சவுத் பர்லிங்டன். அங்க கவுன்சிலும் மேனேஜரும்தான், ஜனங்க ஓட்டுப் போடற மேயரே கிடையாது, நான் மேல சொன்ன சட்டமும் அங்க செல்லாது.