கல்லீரல் கேள்வி-பதில்: கால்சியம் வீடு விட்டு வீடு போகுமா?

கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் கல்லீரல் செல்களில் சிக்னல் பலமாகுமா? (மல்லேஸ்வரம்)

ஆகாது. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே மிதக்கிறது. அந்த அளவைச் செல்லே காவல் காக்கும். மாத்திரை பற்றி உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

ஹார்மோன் பட்டதும் கால்சியம் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் பாய்கிறது என்று மகளின் நோட்ஸில் இருக்கிறது. சரியா? (அல்சூர்)

தப்பு. எத்தனை தடவை எழுதிவிட்டேன்! நோட்ஸ் படத்தில் ஒரு அம்புக்குறி செல்லுக்குச் செல் தாவும், மேலே 'கால்சியம்' என்றிருக்கும். அதை அடித்துவிட்டு 'ஐபி3' (செல்லுக்குள் செய்தி சுமக்கும் ஒரு சிறு மூலக்கூறு) என்று எழுதச் சொல்லுங்கள்.

ஹார்மோன் பட்டதும் செல்சவ்வில் உண்டாவது ஐபி3. அது எண்டோபிளாச வலையின் கதவைத் திறக்கும், உள்ளே சேமித்த கால்சியம் கொட்டும். கொட்டியதைப் புரதங்கள் கவ்விக்கொள்வதால் 5 மைக்ரான் போவதற்குள் அடங்கிவிடும். ஐபி3 அப்படியல்ல, 20 மைக்ரானுக்கு மேல் போகும். கல்லீரல் செல்லின் அகலமே அவ்வளவுதான். ஒட்டிய செல்களை இணைக்கும் நுண்துளையான கேப் ஜங்ஷன் வழியாக அது அடுத்த செல்லில் நுழைய, அந்தச் செல் தன் சொந்தக் கால்சியத்தைக் கொட்டும். இப்படிச் செல்லுக்குச் செல் பரவுவதுதான் கால்சியம் அலை.

ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் தெருவில் ஒரு நாய் குரைத்தால் ஐந்து நிமிடத்தில் ஏரிக்கரை வரை குரைப்பு போய்விடும். நாய் எதுவும் இடம் மாறியிருக்காது, ஒவ்வொன்றும் தன் தொண்டையில்தான் குரைக்கிறது. ஆனால் தூங்குகிற நாய் பதில் கொடுக்காது. அதுபோல, ஒவ்வொரு செல்லையும் ஹார்மோன் கொஞ்சமாவது தொட்டிருக்க வேண்டும். இதையும் நோட்ஸ்காரர்கள் விட்டுவிடுவார்கள்.

எலிச் செல்களில் சோதித்தும் பார்த்தாயிற்று. ஒட்டியிருக்கும் செல்களில் ஒன்றில் மட்டும் ஐபி3-ஐ வேகமாகச் சிதைக்க விட்டால், அவற்றின் கால்சியம் ஏற்ற இறக்கங்களுக்கிடையே இருந்த ஒத்திசைவு போய்விடுகிறது.

ஹார்மோன் கூடினால் கால்சியம் இன்னும் உயரமாக ஏறுமா? (ஜயநகர்)

பெரும்பாலும் உயரம் அப்படியேதான், கால்சியம் ஏறி இறங்கும் துடிப்புதான் அடிக்கடி வரும். 1986-லேயே ஏக்வோரின் என்ற ஒளிரும் புரதத்தைத் தனிச் செல்லில் செலுத்திக் கண்டுவிட்டார்கள்.

என் செல்களில் அலையே வரவில்லை, ஏன்? (மடிவாளா, ஆராய்ச்சி மாணவர்)

எந்தச் செல், எந்த ஹார்மோன், எவ்வளவு? ஒன்றுமே எழுதவில்லை. கொலாஜினேஸ் என்ற நொதியில் ஒன்றொன்றாகப் பிரித்த செல்லில் அலை தேடினீர்களோ? பக்கத்து வீடே இல்லாமல் செய்தி எங்கே போகும்? இரண்டு மூன்றாக ஒட்டியபடி கிடைப்பவற்றைப் பாருங்கள்.

அலை எந்தப் பக்கமாகப் போகும்? (இந்திராநகர்)

எந்த ஹார்மோன் என்று நீங்களும் எழுதவில்லை! வாசோப்ரெசின் என்றே வைத்துக்கொள்கிறேன். ரத்தம் வெளியேறும் மைய சிரையை ஒட்டிய செல்களில் அதன் ஏற்பி அதிகம். அங்கே தொடங்கி, ரத்தம் நுழையும் போர்ட்டல் பக்கம் நகரும். ரத்தம் போவது நேரெதிர்த் திசையில். இதையே எல்லா ஹார்மோனுக்கும் ஒப்பிக்காதீர்கள்.

இந்த அலையால் உடம்புக்கு என்ன லாபம்? கேப் ஜங்ஷனைக் கட்டும் புரதமான கனெக்சின் 32 கெட்டால் கல்லீரல் நின்றுவிடுமா? (ஸ்ரீராமபுரம்)

கிளைகோஜன் உடைந்து சர்க்கரை வெளிவரும், பித்த நுண்குழாய்கள் சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். கனெக்சின் 32 இல்லாத எலிகளில், நரம்பைத் தூண்டினால் வரும் சர்க்கரை குறைந்தது, ஆனால் கல்லீரல் நிற்கவில்லை. மனிதர்களில் அந்த ஜீன் பழுதானால் முதலில் அடிவாங்குவது கால் நரம்பு. சார்க்கோ-மேரி-டூத் நோயின் ஒரு வகை அது. கல்லீரல் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.