பக்கத்துக் காம்பராவில் சின்னமுத்து (தட்டம்மை), மகனுக்கு 8 மாதம்

தங்கச்சி, நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குச் சின்னமுத்து, மகனுக்கு 8 மாதந்தான், ஊசிக்கு இன்னும் வயது வரவில்லை என்று எழுதியிருந்தீங்க. 9 மாதம் வரும்வரை காத்திருக்காதீங்க. 6 மாதம் தாண்டிய பிள்ளைக்கு, நோய் உள்ளவரோடு பழகி 72 மணித்தியாலத்துக்குள் சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி போடலாம். இன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்க. (போட்டாலும், 9 மாதத்திலும் 3 வயதிலும் வழமையான ஊசி வேண்டும்.)

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரே கூரை, சுவருக்கு மேலே இடைவெளி. அங்கே இருமினால் கிருமி 2 மணித்தியாலம் வரை காற்றில் நிற்கும். குளிர் என்று சன்னலை அடைக்காதீங்க. பிள்ளைமடுவத்துக்கும் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) இப்போது அனுப்ப வேண்டாம்.

எடை குறைந்த, விட்டமின் ஏ குறைந்த பிள்ளைகளைத்தான் நிமோனியா சீக்கிரம் பிடிக்கும். அம்மன் என்று வேப்பிலை கட்டுங்க, தப்பில்லை. ஆனால் மூச்சு வாங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ விடியும்வரை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.