சாக்கடைக்குச் சொந்தக்காரர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் குளியலறைச் சுவரில் மாலையானால் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் வந்து உட்கார்கின்றன. தட்டினால் பொடியாக உதிர்கின்றன. கொதிநீர் ஊற்றியும் ஒழியவில்லை. சாக்கடையிலிருந்து வருகின்றன என்கிறார்கள். அங்கே முதலை இருக்குமா என்று என் மகள் கேட்கிறாள். என் சந்தேகம் வேறு. அந்த இருட்டிலும் நாற்றத்திலும் வாழ்வதற்கென்றே சில உயிர்கள் புதிதாக உருவாகிவிட்டனவா? இயற்கை அவ்வளவு வேகமாக வேலை செய்யுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் மகளுக்கு. 1935 பிப்ரவரியில் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமில், பனியை வாரிச் சாக்கடைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்த பையன்கள் உள்ளே ஒரு முதலையைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 8 அடி. கயிறு போட்டு வெளியே இழுத்தார்கள். அது கடிக்கவர, அடித்தே கொன்றுவிட்டார்கள். 1984இல் பாரிஸ் சாக்கடையில் சின்ன நைல் முதலை ஒன்று உயிரோடு பிடிபட்டது. இரண்டும் எப்படியோ உள்ளே போய்ச் சேர்ந்த ஒற்றை விலங்குகள். வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வேண்டிய பிராணி சூரியனே இல்லாத குழாயில் குடும்பம் நடத்த முடியாது. மகள் ஏமாந்துபோனால் நான் பொறுப்பல்ல.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் சொல்லும் அர்த்தத்தில் சாக்கடையில் உருவானது என்று உறுதியாகச் சொல்லத்தக்க உயிர் எதையும் நான் அறியேன். எல்லாமே குடியேறியவை. பழுப்பு எலியை எடுத்துக்கொள்ளுங்கள். வட சீனா, மங்கோலியா பக்கத்து வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்த பிராணி. நன்றாக நீந்தும், குறுகிய சந்தில் நுழையும். கழிவறைக் கோப்பைக்குக் கீழே வளைந்து நிற்கும் தண்ணீரை அது மூச்சடக்கித் தாண்டி வருவது இந்தப் பழைய திறமையால்தான். அதற்கு 'நார்வே எலி' என்று 1769இல் ஓர் ஆங்கிலேயர் பெயர் வைத்தார். நார்வேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேன்ஹோல் மூடியைத் திறந்தால் சிதறி ஓடும் பெரிய கரப்பான் 'அமெரிக்கக் கரப்பான்'. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இரண்டுக்கும் பெயரிலேயே விலாசம் தப்பு.

உங்கள் சுவரில் உட்காரும் பூச்சி இவற்றைவிட எனக்குப் பிடித்தது. உடம்பெல்லாம் மயிர், சரியாகப் பறக்கவும் தெரியாது. அதன் புழு வளர்வது தண்ணீரில் அல்ல. குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பில். நுண்ணுயிர்களும் சோப்பும் அழுக்கும் சேர்ந்து உண்டாகும் அந்தப் படலம்தான் அதற்கு வீடும் சோறும். காட்டில் மக்கிய இலையின் ஈரத்தில் செய்ததை இங்கே செய்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஊற்றிய கொதிநீர் மேலோடு ஓடிப்போயிருக்கும்; படலத்துக்குள் புதைந்த புழு தப்பித்திருக்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கற்களை அடுக்கி அதன்மேல் கழிவுநீரைத் தெளிக்கும் முறை ஒன்று உண்டு. அங்கே இதே புழுக்கள் கற்களின் மேல் படரும் படலத்தை மேய்ந்து, இடுக்குகள் அடைத்துக்கொள்ளாமல் காக்கின்றன.

இன்னொன்று, வாலால் மூச்சுவிடும் புழு. காற்றே கரையாத கெட்ட நீரின் அடியில் கிடந்தபடி, உடம்பைவிடப் பல மடங்கு நீளும் குழாயை மேற்பரப்புக்கு நீட்டிச் சுவாசிக்கும். வளர்ந்தால் தேனீயைப் போலவே இருக்கும் ஈயாகிப் பூக்களில் தேன் குடிக்கும். செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று கிரேக்கரும் ரோமானியரும் நம்பியதற்கு இந்த ஈதான் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். லண்டன் சுரங்க ரயில் பாதையில் ஒரு கொசு உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து கீழே படுத்த மக்களைப் பிடுங்கியெடுத்தது. தரைக்கு மேலே இருக்கும் அதன் உறவினம் பெரும்பாலும் பறவைகளைக் கடிக்கும், இதுவோ மனிதர்களை. சுரங்கம் வெட்டிய நூறு சொச்ச ஆண்டுகளில் அங்கேயே பிரிந்த இனம் என்று வெகுகாலம் உதாரணம் காட்டினார்கள். நானும் காட்டியிருக்கிறேன். மரபணுவைப் பார்த்தவர்கள் 2025இல் அதைக் கவிழ்த்துவிட்டார்கள்: இந்த வகை மத்தியதரைக் கடலை ஒட்டிய மத்திய கிழக்கில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, வெட்டவெளியில் உருவானதாம். சுரங்கம் கிடைத்தபோது அது ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு எலிமேல் பாசம் வைக்க வேண்டாம். அதன் சிறுநீர் கலந்த நீரில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். சுவர்ப் பூச்சி கடிக்காது. அது வரும் கழிவுநீர்த் துளை எது என்று தெரிய, இரவு துளையின் மேல் ஒட்டும் டேப்பைப் பசை கீழே பார்க்கும்படி ஒட்டுங்கள். காற்றுப் போகக் கொஞ்சம் இடம் விடுங்கள். காலையில் டேப்பில் சிக்கியிருந்தால் அந்தத் துளைதான். பிறகு மருந்து வேண்டாம், நீளமான பிரஷ் போட்டு உட்சுவரைத் தேய்த்து எடுங்கள். டேப்பில் சிக்கியதை எறிவதற்கு முன் மகளிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள்.