சுரங்கமும் நிலநடுக்கமும்: கேள்வி – பதில்

கேள்வி: நிலநடுக்கத்தில் மாடிக் கட்டடங்களே சரிகின்றன. அந்த நேரத்தில் சுரங்க ரயிலுக்குள் இருப்பவர்களின் கதி என்ன?

பதில்: பெரும்பாலும் மேலே இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்களுக்கே பாதுகாப்பு அதிகம். சுரங்க வடிவமைப்பு என் தொழில், தயங்காமல் சொல்கிறேன். 1989-இல் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் வளைகுடாப் பாலத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே வளைகுடாவின் அடியில் கிடக்கும் ரயில் சுரங்கம் தாங்கியது. பாலம் மூடிக்கிடந்த ஒரு மாதமும் மக்கள் அதில்தான் வந்துபோனார்கள்.

கட்டடம் தன் எடையாலேயே ஆட்டம் காண்கிறது. சுரங்கத்தை நாற்புறமும் மண் பிடித்திருப்பதால் அதற்குத் தனியாக ஆட இடமில்லை; மண் நெளிந்தால் கூடவே நெளிந்தாக வேண்டும். அந்த நெளிவுக்குத் தயாராக இல்லாத சுரங்கம் உடையும்.

1995 ஜனவரி 17 விடிகாலையில் ஜப்பானின் கோபேயில் அதுதான் நடந்தது. 1960-களில் திறந்த பள்ளம் தோண்டிக் கட்டிய டைகாய் சுரங்க ரயில் நிலையத்தில் 30-க்கும் மேற்பட்ட நடுத்தூண்கள் நொறுங்கின. மேல் ஸ்லாப் உட்கார்ந்தது. அதன் மேலிருந்த சாலை 2.5 மீட்டர் வரை இறங்கியது. அடியிலிருந்து ஏறிவந்த குறுக்கலைகள் (போகும் திசைக்குக் குறுக்காக மண்ணை அசைக்கும் அலைகள்) பெட்டி போன்ற நிலையத்தைப் பக்கவாட்டில் சாய்த்தன. தூண்களில் நெடுக்குக் கம்பி இருந்தது. அதைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகள், அதாவது குறுக்குக் கம்பி வளையங்கள், போதவில்லை. கம்பிகள் பிதுங்கி நிற்கும் அந்தத் தூண்களின் படங்களைத்தான் எங்களிடம் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு முதலில் காட்டுகிறேன். ரிங்கில் மிச்சம் பிடிப்பவரை நான் மன்னிப்பதில்லை.

கேள்வி: மேற்பரப்பு அலைகள் ஆழம் போகப்போகக் குறையும் என்று படித்தேன். இன்னும் ஆழமாகத் தோண்டினால் தப்பிவிடலாமே?

பதில்: குறைவது உண்மை. ஆனால் எவ்வளவு ஆழத்தில் என்பதை அலைநீளம்தான் முடிவு செய்யும். 1885-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே கணித்துக் காட்டிய மேற்பரப்பு அலை, மண்துகளை மேலும் கீழும் முன்னும் பின்னுமாக நீள்வட்டத்தில் சுழற்றும். ஏறத்தாழ ஓர் அலைநீள ஆழத்துக்குள் அது பெரிதும் அடங்கிவிடும். இளகிய மண்ணில் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில், ஒரு நொடி அலைவுகாலத்தோடு அது போனால் அலைநீளம் 200 மீட்டர். 20 மீட்டர் ஆழத்துச் சுரங்கம் அதற்குத் தப்ப முடியுமா? 1911-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் லவ் விளக்கிய மேற்பரப்பு அலையோ பக்கவாட்டில் அசைக்கும். கெட்டியான அடுக்கின் மேல் இளகிய அடுக்கு இருக்கும் இடங்களில் ஓடும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது அலையின் வேகம். மண்துகளின் வேகத்தை அலை நகரும் வேகத்தால் வகுத்தால் மண் எவ்வளவு இழுபடும் என்பது தோராயமாகக் கிடைக்கும். துகள் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வையுங்கள். அலை 1000 மீட்டர் வேகத்தில் போனால், ஒவ்வொரு மீட்டர் மண்ணும் அரை மில்லிமீட்டர் நீளும். அதுவே 200 மீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் இரண்டரை மில்லிமீட்டர். கான்கிரீட்டோ மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் அளவு இழுத்தாலே விரிசல் விடத் தொடங்கும். மெதுவான அலைதான் நீளமான சுரங்கங்களுக்கும் குழாய்களுக்கும் எதிரி. 1985-இல் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் தொடங்கிய நிலநடுக்கம், பழைய ஏரிப்படுகையில் அமைந்த மெக்சிகோ நகரத்தின் குடிநீர்க் குழாய்களைப் பல இடங்களில் உடைத்தது.

ஆழத்தில் மண் கெட்டியாவதால் அங்கே அலை விரையும், இழுப்பு குறையும். ஆழத்தின் பெரிய லாபம் அதுதான்.

கேள்வி: அப்படியானால் சுவரை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் போதாதா?

பதில்: வேண்டாம். விறைப்பு கூடக்கூட மண் தரும் நெளிவை எதிர்த்து நிற்கச் சுவரே அதிக விசையைச் சுமக்கும். சுரங்கச் சுவராகச் சேர்க்கும் கான்கிரீட் வளையத் துண்டுகளின் இணைப்புகள் சற்றே திறந்து மூடட்டும், ரப்பர் பட்டை நீரைத் தடுக்கட்டும். நிலையமும் சுரங்கக் குழாயும் சேரும் இடத்திலும், கெட்டி மண் இளகிய மண்ணாக மாறும் இடத்திலும் நெகிழ்வான இணைப்பு கட்டாயம். நீர் நிறைந்த மணல் நடுக்கத்தில் குழம்பாகிச் சுரங்கத்தையே மேலே மிதக்கவிடும் இடங்களில் மட்டும் இவை போதா. மண்ணையே முன்கூட்டி இறுக்க வேண்டும்.