கேள்வி–பதில்: ஹம்மிங் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மாலை 7 மணிக்கு மேல் என் ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங் வருகிறது. அப்போது கரண்ட் 205 வோல்ட்தான். கடைக்காரர் பவர் ரீஜெனரேட்டர் (வரும் கரண்டைச் சுத்தமான அலையாகப் புதிதாக உருவாக்கித் தரும் கருவி) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் மூடிமேல் உள்ளங்கையை வையுங்கள். கையில் அதிர்வு தெரிந்தால் சத்தம் போடுவது உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். வளையம் போன்ற டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏசியோடு கொஞ்சம் டிசி கலந்து வந்தாலே ஆகாது. அதன் கோர் (உள்ளே இருக்கும் இரும்பு வளையம்) திணறி உறுமும். பாதிச் சூட்டில் ஓடும் ஹேர் டிரையர் இதற்குப் பேர்போனது. உள்ளே ஒரு டையோடு அலையின் ஒரு பாதியை மட்டும் விடுகிறது. வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தும் நிற்கவில்லையென்றால், டிசி பிளாக்கர் (அந்த டிசியைத் தடுக்கும் கருவி) ஒன்றை விவரம் தெரிந்த டெக்னீஷியனைக் கொண்டு போடுங்கள். ரீஜெனரேட்டரும் இதைத் தீர்க்கும். ஆனால் விலை பல மடங்கு.

மூடி அதிராமல் ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வந்தால் கதை வேறு. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பின்னால் உள்ள இன்புட் கேபிள்களை எல்லாம் கழற்றிவிட்டு, கேபிள் இல்லாமலே ஆம்ப்ளிஃபயரை மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் அது பெரும்பாலும் எர்த் லூப், அதாவது கேபிள் வழியாகச் சாதனங்களின் எர்த்துகள் ஒரு வளையமாக இணைந்து சத்தத்தைக் கொண்டுவருவது. கேபிள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது வருகிறதோ அதுதான் வழி. பெரும்பாலும் டிடிஎச் பெட்டியோ கம்ப்யூட்டரோவாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தாலே பல வீடுகளில் அடங்கிவிடும். இதற்கு ரீஜெனரேட்டர் மருந்தே இல்லை. எர்த் பின்னைப் பிடுங்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

205 வோல்ட் ஹம்மிங்குக்குக் காரணமல்ல. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை உள்ள 100 வாட் ஆம்ப்ளிஃபயர் அப்போது 80 வாட் அளவில் நிற்கும். காதுக்கு அது 1 டெசிபல் வித்தியாசம்தான்.

கேள்வி: அப்படியானால் ரீஜெனரேட்டர் எதற்குத்தான் உதவும்?
- கோவை வாசகர்

பதில்: வரும் ஏசியை டிசியாக்கி, அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் புதிதாக உருவாக்கித் தருகிறது. டிவி, சார்ஜர், எல்.இ.டி. பல்பு எல்லாம் அலையின் உச்சியில் மட்டும் கரண்டை உறிஞ்சுவதால், நம் வீட்டு அலையின் தலை தட்டையாகியிருக்கும். 230 வோல்ட்டுக்கு உச்சி 325 இருக்க வேண்டும். அது குறைந்தாலும் மீட்டர் 230 என்றே காட்டலாம். ரீஜெனரேட்டர் இதைச் சரிசெய்யும். நல்ல பவர் சப்ளை உள்ள டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), பிரீஆம்ப்ளிஃபயர் (பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன் சிக்னலைச் சீராக்கும் கருவி) போன்றவற்றில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையான பலன் சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள ரெக்கார்டு பிளேயருக்கு. அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்துக்கு 50 ஹெர்ட்ஸ் என்றால், பெல்ட்டை இடம் மாற்றாமலே 67.5 ஹெர்ட்ஸ் கொடுத்து 45 சுற்றுக்குப் போகலாம், ஹெர்ட்ஸை மாற்றும் வசதி ரீஜெனரேட்டரில் இருந்தால். பெரிய பவர் ஆம்ப்ளிஃபயரைச் சின்ன ரீஜெனரேட்டரில் மாட்டாதீர்கள். அது திடீரென்று இழுக்கும் கரண்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அலை மறுபடி நசுங்கும்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘கர்ர்’ என்கிறது.
- மதுரை வாசகர்

பதில்: உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதில் 150, 250 ஹெர்ட்ஸ் ஹார்மானிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்கில் வரும் கூடுதல் அலைகள்) நிறைய. டிரான்ஸ்ஃபார்மர் கரகரப்பது அதனால்தான். உச்சி வோல்டேஜும் 325க்கு வராது. சைன் வேவ் இன்வெர்ட்டர் மாற்றும்வரை அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபயரை அணைத்து வையுங்கள்.