பலெர்மோவிலிருந்து சிங்கோனியாவுக்கு: மகனை அனுப்பத் தயங்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

பதினாறு வயது நிறைந்த உங்கள் மகனை, பெர்கமோ நகரின் உதைபந்தாட்டக் கழகமான அட்டலாண்டா தனது இளையோர் உதைபந்தாட்டப் பிரிவுக்கு அழைத்திருப்பதையும், லிச்செயோ எனும் மேல்நிலைப் பாடசாலையின் இரண்டாம் ஆண்டை நல்ல புள்ளிகளுடன் முடிக்கப்போகும் பிள்ளையை இத்தாலியின் மறுகோடியில் ஒரு விடுதியில் விடுவதா என்று நீங்களும் கணவரும் உறக்கமின்றி யோசிப்பதையும் எழுதியிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புங்கள், ஆனால் அவனுடைய படிப்பு எந்தப் பாடசாலையில், எந்த ஒழுங்கில் தொடரும் என்பது எழுத்தில் உங்கள் கைக்கு வந்த பிறகே கையொப்பமிடுங்கள்.

அழைத்திருக்கும் இடம் எளிதில் தட்டிவிடக்கூடியதன்று. பெர்கமோ நகருக்குத் தெற்கே, 1960களில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட சிங்கோனியாவில்தான் அட்டலாண்டாவின் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1982இல் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றபோது பின்வரிசையைக் காத்த கயெத்தானோ ஷிரேயா இந்தக் கழகத்தில் வளர்ந்தவர். ரொபேர்த்தோ தொனதோனியும் அவ்வாறே. 1990களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு இந்தப் பிரிவை வழிநடத்திய மீனோ ஃபவீனியின் காலத்தில் ரிக்கார்தோ மொந்தொலீவோ, ஜம்பாவ்லோ பத்சீனி போன்றவர்கள் உருவானார்கள். இன்று இத்தாலி அணியின் பின்வரிசையில் ஆடும் அலெஸ்ஸாந்த்ரோ பஸ்தோனி ஏழு வயதிலேயே இங்கு வந்து சேர்ந்தவர். 2024 மே 22ஆம் திகதி டப்ளினில் ஜெர்மனியின் லெவர்கூசனை 3–0 என்று வென்று அட்டலாண்டா, ஐரோப்பியக் கழகங்களுக்கான யூரோப்பா லீக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, இடப்பக்கத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடிய மத்தேயோ ருஜ்ஜேரி பெர்கமோ மாகாணத்துப் பிள்ளை, இதே பிரிவின் வார்ப்பு.

ஆயினும் ஒரு கழகம் ஏன் இத்தனை பிள்ளைகளுக்குச் செலவிடுகிறது என்பதைப் பெற்றோர் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டொக்ஹோமில் பிறந்த தெயான் குலுசெவ்ஸ்கி 2016இல், உங்கள் மகனின் வயதில், இங்கு வந்தார். அட்டலாண்டாவின் முதல் அணிக்காக மிகச் சில ஆட்டங்களே ஆடினார். 2020 ஜனவரியில் யுவெந்துஸ் கழகம் அவரை 35 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது. அந்தத் தொகையைக் கொண்டுதான் கழகம் தொடர்ந்து பிள்ளைகளை வளர்க்கிறது. இதில் தவறேதும் இல்லை. ஆனால் மதிப்பு உயரும் என்று தோன்றுபவனைத் தக்கவைத்து, தோன்றாதவனை ஒரு கோடைகாலத்தில் விடுவிக்கும் முடிவும் இதே கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. அன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கும் என்பதே உங்களுடைய கேள்வியாக இருக்க வேண்டும்.

இத்தாலியில் தொழில்முறைக் கழகங்கள் முதல்நிலையான செரி ஆவில் 20, இரண்டாம் நிலையான செரி பியில் 20, மூன்றாம் நிலையான செரி சியில் 60 என மொத்தம் நூறுதான். அதற்குக் கீழே உள்ளவை அமெச்சூர் நிலை. 2023இல் அட்டலாண்டா தன் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோர் அணியைச் செரி சியில் களமிறக்கியதால், இளையோரின் மேல்நிலை அணியான பிரிமவேராவை விட்டு வெளியேறும் வயதுள்ள இளைஞர்களுக்கு முன்பு இல்லாத ஒரு படி கிடைத்திருக்கிறது. அது நல்ல செய்தி. இருந்தும், சிங்கோனியாவில் பயிலும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் செரி ஆவில் ஆடப்போவதில்லை என்பதை உங்கள் மகனிடம் இப்போதே, அவனுடைய ஆர்வத்தைக் காயப்படுத்தாமல், ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் அதைத் தாங்குவான்.

இனிப் படிப்பு. உயர்நிலை விளையாட்டு வீரரான மாணவருக்கென்று இத்தாலியக் கல்வி அமைச்சு ஒரு திட்டத்தை நடத்துகிறது. அதன்படி பாடசாலை ஒவ்வொரு மாணவருக்கும் தனிப்பட்ட கல்வித் திட்டம் ஒன்றை வகுக்கிறது; பாடசாலைத் தரப்பில் ஓர் ஆசிரியரும் கழகத் தரப்பில் ஒருவரும் பொறுப்பாளராக இருப்பார்கள். பரீட்சைகள் ஆட்ட நாட்களோடு மோதாதபடி முன்கூட்டியே திகதி குறிக்கப்படுகிறது. பாட நேரத்தின் ஒரு பகுதியை இணையவழியாகவும் நிறைவுசெய்யலாம். புதிய பாடசாலை இதில் சேர்ந்திருக்கிறதா, அந்தப் பொறுப்பாளர்கள் யார், மாதம் ஒருமுறை நீங்கள் அவர்களுடன் நேரடியாகப் பேச முடியுமா என்று கழகத்திடம் கேளுங்கள். பதில் வரும் வரை இப்போதைய பாடசாலையிலிருந்து நுல்லா ஓஸ்தா எனும், பாடசாலை மாறுவதற்கான ஆட்சேபனையின்மைக் கடிதம் வாங்க வேண்டாம். பயிற்சி நேரத்துக்கு வசதி என்று காரணம் காட்டி, லிச்செயோவில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை எளிதான பாடத்திட்டத்துக்கு மாற்றச் சொன்னால் தயவுசெய்து உடன்படாதீர்கள். பத்தொன்பது வயதில் அவன் எழுதும் மதுரித்தா எனும் பாடசாலை இறுதிப் பரீட்சைதான் அவனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லும். இயன்முறை மருத்துவமும் விளையாட்டு அறிவியலும் அவன் விரும்பக்கூடிய துறைகள்.

உடல்நலத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இந்த விடயத்தில் மட்டும் இத்தாலியச் சட்டம் மிகக் கண்டிப்பானது: 1982 முதல், போட்டி விளையாட்டில் ஈடுபடும் ஒவ்வொருவரும் இதயத்துடிப்புப் பதிவு உள்ளிட்ட வைத்தியப் பரிசோதனைக்குப் பிறகே களமிறங்க முடியும்.

முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசியதாகவும் எழுதியிருந்தீர்கள். பதினெட்டு வயது நிறையாதவரிடமிருந்து விளையாட்டு முகவர் கட்டணம் பெற இத்தாலியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கழகம் தொழில்முறை ஒப்பந்தம் முன்வைத்தால், அவனுடைய வயதில் அது மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இறுதியாக, நம்மவர் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. உங்கள் மகன் இலங்கைக் கடவுச்சீட்டில் இருந்தாலும், சிறு வயதிலிருந்து இங்கு சட்டப்படி வாழும் பிள்ளைகளை இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே கழகங்களில் பதிவுசெய்ய 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் தேசிய அணிக்கு அது போதாது, குடியுரிமை வேண்டும். இத்தாலியில் பிறந்து, இடைவெளியின்றி இங்கேயே சட்டப்படி வாழ்ந்த பிள்ளை, பதினெட்டு நிறைந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொமூனே எனும் நகராட்சி அலுவலகத்தில் விருப்பத்தைத் தெரிவித்துக் குடியுரிமை பெறலாம். விடுதிக்குப் போகும்போது வதிவிடப் பதிவில் ஒரு நாள்கூட அறுந்துபோகாதபடி இரண்டு கொமூனேக்களிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். முதலாம் வகுப்பிலிருந்து இன்றுவரை உள்ள பாடசாலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து, அவனோடு அனுப்பாமல் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள்.