படுக்கையில் கிடந்த கால்: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

தொடை எலும்பு முறிந்து அப்பா ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். இப்போது நிற்க வைத்தால் கால் துவள்கிறது. நரம்பு செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட மூப்பு அவர்களின் தாங்குதிறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது. வாலிபர்களுக்கே அந்தக் கதி.

தசை இளைக்கும் வேகத்தைவிடப் பலம் வேகமாகக் குறையும். சும்மா கிடந்த தசையை மூளை முழுதாக வேலை வாங்குவதில்லை; பழக்கம் விட்டுப்போகிறது. முதலில் அடிவாங்குவது நம்மை நிற்கவைக்கும் முன்தொடையும் கெண்டைக்காலும்தான். பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, தொட்டால் தெரியவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம்.

காலை ஊன்றலாமா என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். சரி என்றால் கட்டில் ஓரத்தில் உட்காரவையுங்கள். அப்புறம் உயரமான நாற்காலியிலிருந்து பிடித்துக்கொண்டு எழட்டும், ஐந்தைந்து தடவையாக. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கால்மேல் கால் போட்டு வேலை பார்க்கிறேன். பாதம் மரத்துப்போகிறது.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது. அதைத்தான் அழுத்துகிறீர்கள். காலைக் கீழே இறக்குங்கள். பாதம் தொங்க ஆரம்பித்தால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

எந்தத் தைலம் தேய்க்கலாம்?

தைலம் தசையை வளர்க்காது. வீங்கிய காலில் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

சூடுபடுத்திய தைலம்?

முந்தைய பதிலையே மறுபடி படியுங்கள்.

நரம்பு சுருட்டலுக்குத் தைலம் கேட்கிறார்கள், நீங்கள் தசை என்கிறீர்களே!

அங்கேதான் சிக்கல். நம் ஊரில் எல்லாமே நரம்பு. சுருண்டிருப்பது ரத்தக் குழாய். கெண்டைக்காலில் ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்றால் அது தசைப்பிடிப்பு.

ஊசி போடும் நர்ஸே ‘நரம்பு கிடைக்கலை’ என்கிறாரே?

அவர் தேடுவதும் ரத்தக் குழாயைத்தான். நிஜ நரம்பில் ஊசி பட்டிருந்தால் வார்டே அதிரக் கத்தியிருப்பீர்கள்.

சர்க்கரை மாத்திரையைக் கூட்டலாமா?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

முதலில் கேட்டவன்தான். ஊன்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா எழ மாட்டேன் என்கிறார்.

காபியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகிறீர்களா? நிறுத்துங்கள். நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டு, கூடவே ஆள் பிடித்துக்கொள்ள, அங்கே வந்து குடிக்கச் சொல்லுங்கள். திட்டுவார், பரவாயில்லை.